ரம்லிசாமியும் பென்னிகுயிக்கும்

மதுரைச் சீமையில் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு சாமி மரியாதை கிடைத்திருக்கிறது. ஒருவர் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர். தேனிப் பக்கம் தைப்பொங்கல் அன்றைக்கு அவர் படத்துக்கு மாலை போட்டு பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு. இன்னொருவர் கேப்டன் ரம்லி. 1760களில் மேலூர்ப் பக்கம் படையோடு வந்தவர். அவரை இங்கே இருந்த கள்ளர்கள் ‘ரம்லிசாமி’ என்று சொன்னதாக நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரை நாட்டு நூலில் வருகிறது. ஒருவர் தண்ணி கொடுத்ததற்காக சாமி, இன்னொருவர் கொன்று குவித்ததற்காக சாமி. முதல் சாமியை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது சாமியை மேலூரிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சுமார் 130 வருஷ இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன நடந்தது, அது இன்றைக்கு ஒரு சாதிச் சான்றிதழ் வரைக்கும் எப்படி வந்து நிற்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வருவோம். காரணம் இருக்கிறது.

1637 மே 26. இன்றைய கனெக்டிகட் மாநிலத்தில் மிஸ்டிக் என்ற இடம். பீக்வாட் என்ற பூர்வகுடி மக்கள் மரவேலி போட்டு உள்ளே குடியிருந்தார்கள். கேப்டன் ஜான் மேசன் தலைமையில் ஆங்கிலேயர்கள், கூடவே அவர்களோடு கூட்டுச் சேர்ந்த வேறு பூர்வகுடிகள், விடியும் முன்னே சுற்றி வளைத்தார்கள். குடியிருப்புக்குத் தீ வைத்தார்கள். தப்பி வெளியே ஓடி வந்தவர்களை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று 400 முதல் 700 பேர் வரை செத்ததாகக் கணக்கு. மிஞ்சியவர்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அடுத்த வருஷம், 1638-ல், ஹார்ட்ஃபோர்ட் ஒப்பந்தம். அதில் ஒரு ஷரத்து: இனி யாரும் தன்னை ‘பீக்வாட்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆளைக் கொன்றது போதாது என்று பெயரையும் அழித்தார்கள்.

இப்போது மேலூருக்கு வருவோம்.

மதுரை நாயக்கர் ஆட்சி 1736-ல் முடிந்தது. அதற்குப் பிறகு மதுரை யாருக்குச் சொந்தம் என்பதே சண்டை. ஆற்காட்டு நவாப் முகமது அலி தனக்குச் சொந்தம் என்றார். பிரெஞ்சுக்காரர்களோடும் சந்தா சாகிபோடும் நடந்த போரில் அவருக்குக் கம்பெனி துணை நின்றது. சும்மா இல்லை, கடனுக்கு. கடனைத் திருப்பிக் கொடுக்க நவாப்பிடம் காசு இல்லை, ஆனால் வரி வசூலிக்கும் உரிமை இருந்தது. ஆக, நவாப்பின் பெயரில் வரி வாங்க கம்பெனிப் படையே தெற்கே கிளம்பியது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வெள்ளைக்காரன் வந்த வழி இதுதான்: கடன் வசூல்.

இந்த வசூலுக்கு மேலூர்ப் பக்கம் பெரிய தடை. இங்கே பாளையக்காரர் மாதிரி ஒரு தனி ஆள் கிடையாது. மேல்நாடு, சிறுகுடி நாடு, வெள்ளலூர் நாடு, மல்லாக்கோட்டை நாடு என்று நாடுகளாகப் பிரிந்து, அம்பலகாரர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிற அமைப்பு. பாளையக்காரரை மடக்கினால் பாளையம் மடங்கும். நாட்டில் யாரை மடக்குவது? நாயக்கர் காலத்திலேயே இவர்கள் ஒழுங்காக வரி கட்டியவர்கள் இல்லை. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகிற பாதை வேறு இவர்கள் காட்டு வழியாகத்தான் போகிறது.

1755 தொடக்கத்தில் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் திருச்சியிலிருந்து கிளம்பினார். 500 ஐரோப்பியர், 2000 சிப்பாய்கள். நவாப்பின் அண்ணன் மாபூஸ்கான் கூட வந்தார். சிப்பாய்களுக்குத் தலைமை யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறவர். மதுரை சுலபமாகக் கையில் விழுந்தது. அங்கிருந்து தப்பியவரைத் துரத்திக்கொண்டு போய், கோவில்குடி கோயிலை முற்றுகையிட்டார்கள். அது நம்ம திருமோகூர் கோயில்தான் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. வைக்கோல் கட்டுகளைக் கதவில் சாத்தித் தீ வைத்து உள்ளே நுழைந்து கொள்ளையடித்தார்கள். செப்புச் சிலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மீட்க வேண்டுமானால் 5000 ரூபாய் கொடு என்றார்கள். பணம் வரவில்லை. சிலைகளை மூட்டையோடு மூட்டையாக வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார்கள்.

மே மாதக் கடைசியில் ஹெரான் திருச்சிக்குத் திரும்பும்போது படை நத்தம் கணவாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, பல மைல் நீளம். பின்னால் வந்த சாமான் வண்டிகள் மேல் கள்ளர்கள் பாய்ந்தார்கள். கம்பெனியின் படை வரலாற்றை எழுதிய ராபர்ட் ஆர்ம் இதை விரிவாகச் சொல்கிறார். ஈட்டியோடு வந்தவர்கள் ‘சாமி, சாமி’ என்று கத்திக்கொண்டே வண்டிகளைத் தேடினார்களாம். சிலைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹெரான் மேல் சென்னையில் ராணுவ விசாரணை நடந்து, வேலை போயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கோயிலை உடைத்துச் சிலையைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் வரலாற்றில், அதைத் திரும்ப எடுத்தவர்களுக்குப் பெயர் ‘காலரிஸ்’. கள்ளர் என்பதன் ஆங்கில உச்சரிப்பு. அதற்கு அர்த்தம் திருடர்கள் என்றும் எழுதி வைத்தார்கள். கள்ளர் என்ற சொல்லுக்குத் தமிழில் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஒரு குலப்பெயரை மொழிபெயர்த்து அதையே குணமாக எழுதினார்கள் என்பதுதான் விஷயம். டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டில் தவறான வகை ஏறிவிட்டால், பின்னால் ஓடுகிற எல்லா ரிப்போர்ட்டிலும் அதே தப்பு வரும். கம்பெனிக் கணக்கிலும் அப்படித்தான் வந்தது.

நத்தம் நடந்து சில வருஷங்களில் ரம்லி வந்தார். நெல்சன் சொல்கிறபடி ஐந்து சிப்பாய்ப் பட்டாளம், 1500 குதிரைப்படை. வெள்ளாலப்பட்டியைச் சுற்றி வளைத்தார்கள். ஊரைச் சுற்றி முள்வேலி. வரி கட்டச் சம்மதிக்கவில்லை. ஊருக்குத் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் வெட்டினார்கள். அன்றைக்குச் செத்தவர்கள் 3000 பேர். பிறகு நடந்த இன்னொரு நடவடிக்கையில் 2000 பேர். இந்த எண்கள் ஆங்கிலேயர் எழுதியவை, கள்ளர் தரப்புக் கணக்கு இல்லை. இதற்குப் பிறகுதான் அம்பலகாரர்கள் வந்து பணிந்தார்கள், ரம்லி ‘சாமி’ ஆனார்.

மிஸ்டிக்கும் வெள்ளாலப்பட்டியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. வேலி போட்ட ஊர், சுற்றி வளைப்பு, தீ, ஓடுகிறவர்களைக் கொல்வது. வேலை செய்த முறை ஒன்று. ஆனால் நோக்கம் வேறு. அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு வேண்டியது நிலம், அதுவும் ஆள் இல்லாத நிலம். அதனால் மக்களை அழித்தார்கள், விரட்டினார்கள், மிஞ்சியவர்களை ஒதுக்கு நிலங்களில் அடைத்தார்கள். இங்கே கம்பெனிக்கு வேண்டியது கிஸ்தி. உழுவதற்கு ஆள் வேண்டும். ஆகவே கொஞ்சம் பேரைக் கொன்று மீதிப்பேரைக் கணக்கில் ஏற்றினார்கள். அங்கே பெயரை அழித்தார்கள், இங்கே பெயரைப் பதிந்து வைத்தார்கள்.

(கனெக்டிகட்டுக்கும் நமக்கும் இன்னொரு பாலமும் உண்டு. பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1718-ல் அவர் அனுப்பிய 9 பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும்தான் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்கு யேல் என்று பெயர் வாங்கிக் கொடுத்தன. மெட்ராஸ் வியாபாரத்தில் சேர்ந்த பணம், பீக்வாட்கள் இருந்த மாநிலத்தில் பல்கலைக்கழகம் ஆனது.)

அடுத்த கட்டம் சட்டம். 1801-ல் கர்நாடகம் முழுக்கக் கம்பெனி கைக்கு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இனி காவல் போலீஸ் வேலை என்று ஆயிற்று. 1816-ல் புதுச் சட்டம், 1859-ல் போலீஸ் சட்டம்.

காவல் என்றால் என்ன? ஒரு ஊரின் ஆடுமாடு, களத்து நெல், வீடு எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் கொடுப்பது. அதற்குக் கூலியாக விளைச்சலில் ஒரு பங்கு. களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவு போன மாட்டைத் திருப்பி வாங்கிக் கொடுக்க ‘துப்புக்கூலி’. இது ஒன்றும் புண்ணிய காரியமாக மட்டும் இருந்துவிடவில்லை. காவலுக்குச் சம்மதிக்காத ஊரில் மாடு காணாமல் போவதும் நடந்திருக்கிறது. 1896-ல் திண்டுக்கல் பக்கம் மற்ற சாதியார் ‘பண்டு’ என்று நிதி திரட்டிக் கள்ளர் காவலை எதிர்த்துக் கிளம்பியது சும்மா இல்லை. ஆனால் நேற்றுவரை வழக்கமாக இருந்த கூலி, சட்டம் மாறியதும் ஒரே நாளில் மிரட்டிப் பறிப்பது ஆயிற்று. காவல்காரன் குற்றவாளி ஆனான். பதிலுக்கு அவனுக்கு நிலம் கிடைத்ததா, வேலை கிடைத்ததா என்றால், கிடைக்கவில்லை.

இங்கேதான் பென்னிகுயிக் வருகிறார்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே போகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 8000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் மேற்பட்ட சுரங்கம் வழியாகத் தண்ணி இறங்கி, சுருளியாற்றில் கலந்து, வைகைக்கு வந்து, பேரணையில் திரும்பி, பெரியாறு மெயின் கால்வாயில் மேலூர் வரைக்கும் வந்தது. மேலூர் ஒருபோகம், இருபோகம் நெல் விளைகிற பூமி ஆனது.

இதைத் தருமமாகப் பார்ப்பது நம் நன்றியுணர்ச்சி. அரசாங்கக் கணக்கில் அது முதலீடு. தண்ணி போனால் நஞ்சை, நஞ்சைக்குத் தீர்வை கூட. ரம்லியை அனுப்பியதும் வரிக்காக, கால்வாய் வெட்டியதும் வரிக்காக. ஆனால் இரண்டாவது வழியில் மக்களுக்குச் சோறும் கிடைத்தது. பென்னிகுயிக் தன் வேலையில் காட்டிய பிடிவாதத்தை இது குறைக்காது.

இப்போது முக்கியமான இடம். மதுரைக்குக் கிழக்கே மேலூர்க் கள்ளர், மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பிறமலைக் கள்ளர். இரண்டும் தனித்தனிப் பிரிவு, கொண்டு கொடுத்தல் இல்லை, நாட்டமைப்பும் வேறு. பிறமலையில் எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம். ஆனால் அரசாங்க ஏட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே குணம். பெரியாற்றுத் தண்ணி கிழக்கே போனது. மேற்கே உசிலம்பட்டி மேடு, போகவில்லை. மானாவாரி, வானம் பார்த்த பூமி.

இருபது வருஷத்தில் வித்தியாசம் தெரிந்தது. கால்வாய் வந்தபின் மேலூர்ப் பக்கம் விவசாயத்தில் இறங்கி அமைதியாகிவிட்டது என்று அதிகாரிகளே எழுதினார்கள். மேற்கே நடந்தது வேறு. வடக்கே 1871-ல் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் கீழக்குடி, 1918-ல் பிறமலைக் கள்ளர் மொத்தமும் பட்டியலில். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. வயது வந்த ஆண்கள் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ‘ராதாரிச் சீட்டு’ வேண்டும். தப்பு செய்திருக்க வேண்டியது இல்லை, பிறந்திருந்தால் போதும்.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்துக்கு எதிராக வாதாடினார், அவரை இந்த மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவா போன்றவர்கள் தொடர்ந்து பேசினார்கள். 1947 ஜூனில் மாகாணத்தில் சட்டம் ரத்தானது, 1952-ல் நாடு முழுக்க.

கிழக்கே இருந்தவர்களும் மேற்கே இருந்தவர்களும் அரசாங்கக் கண்ணுக்கு ஒரே ரகம். கிழக்கே கால்வாய் போனது, ‘பிறவிக் குணம்’ காணாமல் போனது. மேற்கே கால்வாய் போகவில்லை, ‘பிறவிக் குணம்’ சட்டமானது. அப்படியானால் அது எந்த ரத்தத்தில் இருந்தது? தண்ணி வந்தால் கரைகிற ஒன்று பரம்பரைக் குற்றமாக இருக்க முடியாது. இந்த ஒரு ஒப்பீடே அந்தச் சட்டத்தைப் பொய்யாக்கப் போதும். அரசாங்கத்திடம் இரண்டு பக்கத்துக் கணக்கும் இருந்தது. இருந்தும் கால்வாய்க்குச் செலவழிப்பதைவிட ரேகைப் புத்தகம் மலிவு.

இதன் பாதிப்பு 1947-ல் முடிந்துவிடவில்லை. சட்டத்தோடு சேர்த்து அரசாங்கம் நடத்திய ‘சீர்திருத்தம்’ கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளாக மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் இருக்கிறது. பெயர் தழும்பு, ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்துத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். அதனால்தான் அதை எடுக்கப் போகிறோம் என்றால் உசிலம்பட்டியில் எதிர்ப்பு வருகிறது. 1979-ல் தமிழக அரசு ‘சீர்மரபினப் பழங்குடியினர்’ என்பதைச் ‘சீர்மரபினர்’ வகுப்பாக மாற்றியது. ஒரு சொல் போனதில் மத்திய அரசின் சலுகை போகிறது என்று 40 வருஷம் போராட்டம். 2019-ல் இரட்டைச் சான்றிதழ் என்று ஒரு சமரசம். 58 கிராமக் கால்வாய்த் திட்டம் மூலம் உசிலம்பட்டிப் பக்கம் வைகைத் தண்ணி எட்டிப் பார்த்தது இந்த நூற்றாண்டில்தான். அதுவும் வருஷா வருஷம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பீக்வாட்களுக்கும் இதே கதை. 1638-ல் தடை செய்த பெயரை 1983-ல் அமெரிக்க அரசாங்கமே சட்டம் போட்டு அங்கீகரித்தது. நடுவில் 345 வருஷம். ஜான் மேசனுக்கு 1889-ல் மிஸ்டிக்கில் கொலை நடந்த இடத்திலேயே வைத்த சிலையை, பீக்வாட்கள் ஆட்சேபித்த பிறகு 1990களில்தான் வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

கடைசியாக, சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது என்கிற ஒரு விஷயம். கால்வாய்த் தண்ணி மேலூரில் எல்லார் வயலுக்கும் போகவில்லை, வயல் வைத்திருந்தவர்களுக்குப் போனது. அந்த வயலில் இறங்கி நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் பட்டா இல்லை. நாட்டுக் கூட்டத்தில் இடமும் இல்லை. 1997 ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் சென்றவர்களையும், தலித் ஒருவர் தலைவரானதைப் பொறுக்காமல் வெட்டிக் கொன்றதும் இதே மேலூர்ச் சீமையில்தான். வெள்ளாலப்பட்டியில் செத்தவர்களின் வரலாறு மேலவளவுக்குச் சாக்கு ஆகாது. பிறப்பை வைத்து ஒருவனை அளப்பது தப்பு என்று ரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொல்கிற நாம், அதையே நம் ஊர்த் தெருவிலும் சொல்லியாக வேண்டும்.

2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, அரிட்டாபட்டியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் ஜனங்கள் சாதி பார்க்காமல் தெருவுக்கு வந்தார்கள். அம்பலகாரர்கள் முன்னால் நின்றார்கள். 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்குப் பெரும் ஊர்வலம், அதே மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரம்லியால் தீ வைத்தும் ஒழிக்க முடியாத நாட்டு அமைப்பு இன்னும் வேலை செய்கிறது. அந்தக் கூட்டத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் இடம் இருந்தது, அதனால் ஜெயித்தது. மற்ற நாட்களிலும் அந்த இடம் இருக்கிறதா என்பதை மேலூர்க்காரர்களாகிய நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.